அத்தை பார்த்த அருவி

"திருப்பதிக்குப் போய்விட்டு வந்தோம்" என்று யாராவது சொன்னால் நாம் என்ன கேட்போம்? "தரிசனம் நன்றாக ஆயிற்றா?" என்போம். பிறகு, "எத்தனை மணி நேரம் காத்திருந்தீர்கள்?" என்போம். மூன்றாவதாக ஒன்றும் கேட்பதில்லை. லட்டுக்காகக் கையை நீட்டிவிடுவோம்.

மலை எப்படி இருந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல யாருக்குத் தெரியும்? பஸ்ஸில் ஏறுகிறோம். வளைவுகளில் தலை சுற்றுகிறது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே மேலே போய்ச் சேருகிறோம். அடைத்த கூடங்களில் உட்கார்ந்து, நகர்ந்து, மறுபடி உட்கார்ந்து, கடைசியில் அரை நிமிஷம் கண்ணாரக் கண்டு, தள்ளுமுள்ளோடு வெளியே வந்து, அதே பஸ்ஸில் இறங்கிவிடுகிறோம். ஏழுமலையான் என்று அழைக்கிறோமே தவிர, அந்த ஏழில் ஒரு மலையையாவது நாம் பார்த்ததுண்டா?

என் அத்தை பார்த்ததில்லை. பதினான்கு தடவை திருப்பதி போனவள் அவள்.

அத்தைக்கு ஊர் திருப்பாதிரிப்புலியூர். பாடலீசுவரர் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் திருப்பதிப் பிரார்த்தனை ஒரு பெரிய பாரமே அல்ல. போக முடியாதவர்கள் கெடிலத்தைத் தாண்டித் திருவந்திபுரம் தேவநாத சுவாமி சன்னிதியில் முடி கொடுத்துவிட்டு வந்துவிடலாம்; அங்கே செலுத்தினால் இங்கே செலுத்தினது மாதிரி என்பது ஐதிகம். ஆனால் வசதி உள்ளவர்கள் திருப்பதிக்கே போவார்கள். போகும்போது அத்தையையும் அழைத்துப் போவார்கள். யாருடைய குழந்தைக்கோ முடியிறக்கம், யாருடைய பெண்ணுக்கோ கல்யாணம் கூடியதற்கு வேண்டுதல். அத்தைக்கு இருபத்தாறாவது வயதில் மாமா காலமானார். அதிலிருந்து அவளுக்கென்று சொந்தமாக வேண்டுதல் எதுவும் கிடையாது. மற்றவர்கள் குளத்தில் குளிக்கும்போதும், கடைத்தெருவில் வளையல் வாங்கும்போதும், ஆகாசகங்கைக்குப் போய்வரும்போதும் அத்தை ஒரு தூணோரமாக உட்கார்ந்திருப்பாள், சுற்றிலும் மூட்டை முடிச்சுகளோடு. "அத்தை இருக்காங்க, பையை வெச்சிட்டுப் போங்க" என்பது எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கமான வாக்கியம். நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவள் சென்ற மாசி மாதம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, பங்குனிப் பௌர்ணமிக்கு உனக்கு லீவு கிடைக்குமா?" என்று கேட்டாள்.

"என்ன விசேஷம், அத்தை?"

"தும்புரு தீர்த்தம் போவணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பத்திரிகைக்காரன் என்று பெயர்; பட்டம் பெற்றவன் வேறு. ஆனால் திருமலையில் அப்படி ஒரு தீர்த்தம் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அத்தைக்கு எப்படித் தெரிந்தது என்பது தனிக் கதை. முந்தின தடவை போயிருந்தபோது, கோயிலுக்கு அருகில் அன்னப்பிரசாதம் போடுகிற பெரிய மண்டபத்தில் சாப்பிட்டிருக்கிறாள். நீங்களும் சாப்பிட்டிருப்பீர்கள். வாயிலில் உள்ள பெயரைப் படித்திருக்கிறீர்களா? "மாத்ருஸ்ரீ தரிகொண்ட வெங்கமாம்பா" என்று எழுதியிருக்கும். அத்தை பக்கத்து இலைக்காரியான ஒரு தெலுங்கு அம்மாளிடம், "யாரு இவங்க? கட்டடத்துக்குப் பணம் குடுத்தவங்களா?" என்று விசாரித்தாளாம். அந்த அம்மாள் பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகச் சொன்ன கதையை அத்தை ஒரு வருஷம் மனசிலேயே வைத்திருந்தாள்.

வெங்கமாம்பா 1730-ல் சித்தூர்ச் சீமையில் தரிகொண்ட என்ற கிராமத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கல்யாணம். சின்ன வயதிலேயே கைம்மை. தலையை மழிக்க மாட்டேன், பொட்டை அழிக்க மாட்டேன், வேங்கடவனே என் நாயகன் என்று உறுதியாக நின்றார். ஊர் சும்மா இருக்குமா? அந்த ஏச்சையும் பேச்சையும் விட்டு நடந்து திருமலைக்கு வந்தார். அங்கும் நிம்மதி இல்லாமற்போகவே, காட்டுக்குள் தும்புரு கோனை என்னும் மலைப்பிளவுக்குப் போய், அங்கே குகையில் சில ஆண்டுகள் தன்னந்தனியாகத் தவமிருந்தார். பிறகு திரும்பி வந்து, வேங்கடாசல மாகாத்மியத்தைத் தெலுங்கில் பாடினார். வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டார். 1817-ல் காலமானார். இன்றும் இரவில் பெருமாளைத் துயில வைக்கும்போது வெங்கமாம்பா ஆரத்தி நடக்கிறது. எந்தப் பெண்ணை ஊர் தள்ளி வைத்ததோ, அந்தப் பெண்ணின் பெயர் பொறித்த மண்டபத்தில் இன்று ஊர் உலகமெல்லாம் சாப்பிடுகிறது.

"அந்தம்மா இருந்த எடத்தைப் பாக்கணும்" என்றாள் அத்தை. அவ்வளவுதான்.

நான் விசாரித்தேன். பாபவிநாசம் அணைக்கட்டிலிருந்து காட்டுக்குள் ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். போக ஏழு, வர ஏழு. பஸ்ஸும் கிடையாது, டோலியும் கிடையாது. வருஷத்தில் மற்ற நாட்களில் அந்தக் காடு பூட்டிய வீடு. பங்குனிப் பௌர்ணமியை ஒட்டித் 'தும்புரு தீர்த்த முக்கோட்டி' என்ற பெயரில் ஓரிரு நாள் மட்டும் ஜனங்களை விடுகிறார்கள். அதுவும் காலை வேளையில் புறப்படுகிறவர்களைத்தான். வயதானவர்களும், இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும், உடல் பருத்தவர்களும் வரவேண்டாம் என்று தேவஸ்தானம் ஒவ்வொரு தடவையும் அறிவிக்கிறது.

இதைச் சொன்னதும் அத்தை, "ஐம்பத்தெட்டு வயசு வயசாடா?" என்றாள். இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் ஆபத்து. ஆகையால் கடலூரில் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் இருதயத்தைச் சோதித்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார். "உங்களைவிட இவங்க திடமா இருக்காங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பேச்சு தேவையே இல்லை.

என் மனைவி வரவில்லை. பெண்ணுக்கு முழுப் பரீட்சை. அத்தையும் நானும் மட்டும் விழுப்புரத்தில் ரயில் பிடித்து, திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி, சித்தூர் வழியாகப் போனோம். வழி நெடுகப் பொட்டல், பாறைக் குன்றுகள், வறண்ட ஏரிகள்.

அந்தச் சீமை பழைய தமிழர்களுக்குப் புதிதல்ல. தமிழ் நாட்டுக்கு வட எல்லை வேங்கடம். ஆனால் சங்கப் புலவர்கள் கண்ட வேங்கடம் லட்டும் ஜருகண்டியும் உள்ள வேங்கடம் அல்ல, பாலை நிலம். அகநானூற்றில் மாமூலனார் பாடிய பாலைப் பாட்டுகளில் இந்த மலை திரும்பத் திரும்ப வருகிறது. பொருள் தேடப் போன கணவன் வேங்கடத்தைத் தாண்டி, வேற்று மொழி பேசும் தேசத்தில் வெயிலில் நடந்துகொண்டிருப்பான். வீட்டில் இருப்பவள் வழியைப் பார்த்துக்கொண்டு மெலிவாள். எல்லாப் பாட்டிலும் நடப்பவன் ஆண், காத்திருப்பவள் பெண். இதைக் கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்தேன். பிற்பாடு உபயோகப்படும் என்று அப்போது தெரியவில்லை.

இப்பேர்ப்பட்ட காய்ந்த மலையில் பங்குனியிலே தண்ணீர் ஏது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். விஷயம் பாறையில் இருக்கிறது. திருமலைக்கு ஏறும் மலைப்பாதையிலேயே ஓரிடத்தில், கீழே ஒரு வகைப் பாறையும் அதன்மேல் அடுக்கடுக்காக வேறு வகைப் பாறையும் உட்கார்ந்திருப்பது தெரியும். கீழே இருப்பதற்கு வயது சுமார் இருநூற்றைம்பது கோடி ஆண்டு. மேலே இருப்பதற்கு நூற்றறுபது கோடி. நடுவில் உள்ள காலத்துக்குக் கணக்கே இல்லை, குடும்ப நோட்டில் யாரோ சில ஏடுகளைக் கிழித்துவிட்ட மாதிரி. இந்திய நில இயல் துறையார் அதைத் தேசியச் சின்னமாகவே அறிவித்திருக்கிறார்கள். மேலே இருக்கிற அந்தப் பாறை ஒரு காலத்தில் மணலாக இருந்து இறுகினது. மிகக் கெட்டி. மண்பானை மாதிரி உடம்பெல்லாம் கசியாது. கீறல் விட்ட சட்டி மாதிரி, வெடிப்பு உள்ள இடத்தில் மட்டும் சொட்டும். ஐப்பசி கார்த்திகை மழை அந்த வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. வெடிப்பு அகன்று பள்ளத்தாக்காகிற இடத்தில் சுனையாக, ஓடையாக, அருவியாக வெளியே வருகிறது. இரண்டு பக்கமும் சுவர் உயர்ந்து நிற்பதால் சூரியன் உள்ளே எட்டிப் பார்க்கிற நேரம் கொஞ்சம். மேலே மரமெல்லாம் இலையுதிர்ந்து நிற்கும். கீழே பிளவுக்குள் தண்ணீர் சில்லென்று இருக்கும்.

உலகத்தில் வேறு இடங்களிலும் இந்த அதிசயம் உண்டு. அமெரிக்காவில் அரிசோனாப் பாலைவனத்து மலைப்பிளவு ஒன்றுக்குள் ஹவாசு என்று நீல நிற அருவி இருக்கிறது. அங்கே போகிற வழியிலுள்ள சுப்பாய் கிராமத்துக்குக் கார் ரோடு கிடையாது. தபால்கூடக் கோவேறு கழுதை மேல்தான் போகிறதாம். அங்கும் முன்கூட்டி அனுமதி வாங்கினவர்கள்தான் போகலாம். நம் முக்கோட்டி நாளுக்குச் சீட்டுக்கூட வேண்டாம், கால்தான் வேண்டும்.

பௌர்ணமி அன்று விடியற்காலை பஸ்ஸில் பாபவிநாசம் சேர்ந்தோம். அத்தை புடவையை முழங்காலுக்குக் கீழே இழுத்துச் செருகி, புதிதாக வாங்கின கான்வாஸ் ஷூ போட்டிருந்தாள். வாழ்நாளில் முதல் ஷூ. "பள்ளிக்கூடத்துக்குப் போற மாதிரி இருக்குடா" என்று இரண்டு தடவை சொன்னாள். பெண்கள் பலர் சுடிதாரில் வந்திருந்தார்கள், அதுதான் சௌகரியம். புடவையோடு போகிறவர்கள் நூல் புடவையாகக் கட்டிக்கொள்வது நல்லது. ஈரமான ஸிந்தெடிக் புடவை காலைச் சுற்றிக்கொள்கிறது. திருமலையில் பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. செம்போ எவர்சில்வரோ எடுத்துச் செல்லுங்கள். தொண்டர்கள் மோரும் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்தார்கள். இருந்தாலும் அத்தை வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். திருப்பதிக்குப் புளியோதரை எடுத்துப் போனவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

முதல் ஒரு மணி நேரம் சுலபம். பிறகு பாதை கல்லும் வேருமாக மாறியது. ஆயிரக்கணக்கான ஜனங்கள். கிழக்கே சூரியன் ஏற ஏற, உலர்ந்த சருகு வாடை. பட்டை வெடித்து, கறுத்து, முதலைத் தோல் மாதிரி நின்ற ஒரு மரத்தைக் காட்டி, "இது என்னா மரம்?" என்றாள் அத்தை.

"செம்மரம்."

"மரப்பாச்சி செய்யறதே, அதுவா?"

ஆமாம், அதுவேதான். நம் வீட்டுக் கொலுவில் முதல் படியில் வைக்கிறோமே, கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுத்து அனுப்புகிறோமே, அந்த ராஜா ராணி மரப்பாச்சியின் பிறந்த வீடு இந்தக் காடுதான். செம்மரம் இயற்கையாக வளர்வது ஆந்திராவின் தென்பகுதி மலைகளிலும் அவற்றை ஒட்டின பக்கங்களிலுமே. சந்தனம் மாதிரி இதில் வாசனை கிடையாது. ஆனால் சீமைகளில் விலை அதிகம். அதனால் வந்த வினையையும் அத்தையிடம் சொன்னேன். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி இந்தச் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திர அதிரடிப் போலீஸ் படை சுட்டதில் 20 பேர் செத்துப்போனார்கள். எல்லாரும் தமிழர்கள், திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் பக்கத்துக் கூலிகள். அதுவும் பங்குனி மாதம்தான்.

"நேத்து ரயில்ல வந்தமே, அந்த ஊருக்காரங்களா?"

"அந்தப் பக்கத்தவர்கள்."

"பொண்டாட்டி புள்ளைங்க இருந்திருக்குமே" என்றாள். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். எனக்கு எதற்குச் சொன்னோம் என்று ஆகிவிட்டது. ஆனால் அந்த மரத்தடியில் நின்றுகொண்டு வேறு எதைச் சொல்வது?

பாதை இறங்கத் தொடங்கியது. தண்ணீர்ச் சத்தம் முதலில் காதில் விழவில்லை. கால்தான் முதலில் கண்டது. சருகு சரசரப்பது நின்றது. மண் மெத்தென்றது. பிறகு ஓர் ஓடை, முழங்கால் அளவு. அடியில் கூழாங்கல் தெளிவாகத் தெரிந்தது. தாண்டினோம். பத்து நிமிஷத்தில் அதே ஓடை மறுபடி குறுக்கே வந்தது. மறுபடி தாண்டினோம். நாலாவது தடவை அத்தை, "இது நம்மகூட வெளையாடுது" என்றாள். அங்கங்கே சின்னச் சின்ன அருவிகள், பாறை மடிப்புகளில் பாலைக் கவிழ்த்தாற்போல. குளித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்திருக்கவே மனமில்லாமல் கிடந்தார்கள்.

இந்தப் பாறை இடுக்குகளில் பொன்னிறப் பல்லி ஒன்று உண்டு. அற்றுப்போய்விட்டதோ என்று விஞ்ஞானிகள் எண்ணியிருந்தபோது, 1980-களில் திருமலையில் மறுபடி அகப்பட்டது. இரவில் நடமாடுகிற பிராணி, நாங்கள் பார்க்கவில்லை. அத்தைக்கு அதில் வருத்தமில்லை. "காஞ்சீபுரத்துல தொட்டாச்சே, போதும்" என்றுவிட்டாள்.

ஒரு பாறைமேல் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தபோது தும்புருவின் கதையைச் சொன்னேன். தும்புரு தேவலோகத்துப் பாடகன். மாசி மாதத்து ஸ்நானம் விசேஷம், விடியற்காலையில் எழுந்து குளிக்க வேண்டும் என்று மனைவிக்கு உத்தரவிட்டான். அவள் குளிர் தாங்காது, முடியாது என்றாள். உடனே, இந்தத் தீர்த்தக்கரையில் மரப்பொந்தில் தவளையாகக் கிட என்று சபித்துவிட்டான். நெடுங்காலம் கழித்து அகத்தியர் வந்து தீர்த்தத்தின் மகிமையைச் சீடர்களுக்குச் சொன்னார். அதைக் காதால் கேட்டதும் தவளை பெண்ணாயிற்று.

அத்தை புளியோதரையை உருட்டிக்கொண்டே கேட்டாள். "தவளையாக் கெடந்தது யாரு?"

"மனைவி."

"தீர்த்தத்துக்குப் பேரு?"

"தும்புரு தீர்த்தம்."

"ம்" என்றாள். அந்த 'ம்'முக்கு அகத்தியரே விளக்கம் சொல்ல வேண்டும்.

கடைசிப் பகுதிதான் கஷ்டம். மலை அங்கே கத்தியால் வகுந்த மாதிரி இரண்டாகப் பிளந்து நிற்கிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான சுவர், நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். வானம் மேலே ஒரு நீல ரிப்பன். பிளவின் தரை முழுவதும் தண்ணீர். சில இடத்தில் இடுப்பளவு, சில இடத்தில் மார்பளவு. பக்கவாட்டில் கயிறு கட்டி, ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். அந்த இருட்டுக்குள் திரும்பி, திரும்பி, கடைசியில்தான் அருவி.

நானோ நீச்சல் தெரியாதவன். மூக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே வருவது யானையா பூனையா என்று தெரியாது. கையில் இரண்டு பை. தலைக்கு மேலே மரக்கிளையில் ஒரு குரங்குக் கூட்டம், புளியோதரை டப்பாவின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல். யாராவது ஒருவர் பையோடு இருக்க வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது.

"நீங்க இருங்க அத்தை, நான் முதலில்..." என்று பழக்க தோஷத்தால் ஆரம்பித்தேன்.

அத்தை பையை என் மடியில் வைத்தாள். "நீ இரு. நான் போயிட்டு வரேன்."

"தண்ணீர் மார்பளவு, அத்தை!"

"கல்லைக் கட்டிக் கடல்ல போட்ட அப்பரே எங்க ஊர்லதான்டா கரையேறினார். எனக்கு இந்தத் தண்ணியா?" என்று சொல்லிவிட்டு, முன்னே போய்க்கொண்டிருந்த நாலைந்து தெலுங்குப் பெண்களின் வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டாள். அவர்கள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்திருந்தார்கள். கடைசியில் இருந்த பெண் திரும்பிப் பார்த்து, "ரண்டி, அம்மா" என்று சிரித்து, அத்தையின் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். அத்தையின் நரைத்த கொண்டை கொஞ்சநேரம் தெரிந்தது. சுவர் திரும்புகிற இடத்தில் மறைந்துவிட்டது.

பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. உள்ளேயிருந்து "கோவிந்தா!" என்ற சத்தம் எதிரொலித்து எதிரொலித்து வந்தது. வேறு சிலர் திரும்பி வந்தார்கள். அத்தை வரவில்லை.

அரை மணி ஆனபோது மேற்கே எங்கேயோ இடி உறுமியது.

கோடை இடி. பங்குனியில் சகஜம்தான். மேலே பார்த்தால் அந்த நீல ரிப்பன் நீலமாகவேதான் இருந்தது. ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம், நான் புறப்படுமுன் படித்துத் தொலைத்த ஒரு செய்தி. 1997 ஆகஸ்டு 12-ஆம் தேதி அரிசோனாவில் ஆன்டிலோப் கான்யன் என்கிற, இதே மாதிரி ஒடுக்கமான மலைப்பிளவில் உல்லாசப் பிரயாணிகள் இருந்தார்கள். அங்கே பெருமழை கொட்டவில்லை. சில மைல்களுக்கு அப்பால் பெய்தது. அந்த வெள்ளமெல்லாம் ஒன்றுகூடிப் பிளவுக்குள் சுவர் போல வந்து 11 பேரை அடித்துப் போயிற்று. கெட்டிப் பாறையின் குணம் அது. மெதுவாகப் பெய்தால் வெடிப்பில் வாங்கிக்கொள்ளும். கொட்டினால் ஒரு சொட்டுக்கூட வாங்காது, அப்படியே உருட்டிவிடும். அவ்வளவு தூரம் போவானேன்? இதே மலையில் 2021 நவம்பர் பெருமழை ஸ்ரீவாரி மெட்டுப் படிவழியைப் பெயர்த்துப் போட்டதில், மறுவருஷம் மே மாதம்தான் அதைத் திறக்க முடிந்தது. மழைக்காலமெல்லாம் விட்டு, மழை போய் நாலு மாதம் கழித்து, தண்ணீர் வடிந்து வழி தெரிகிற பங்குனியில் முக்கோட்டி வைத்தார்களே முன்னோர்கள், அதில் சாஸ்திரம் மட்டும் இல்லை.

மறுபடியும் இடித்தது. காவலுக்கு நின்றவர்கள் விசில் ஊதினார்கள். உள்ளே போகிறவர்களை நிறுத்தி, உள்ளே இருப்பவர்களை வெளியே கூப்பிட ஆரம்பித்தார்கள். வரிசை வரிசையாக ஜனங்கள் வந்தார்கள். ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். நரைத்த கொண்டை ஒன்றையும் காணோம். "உள்ளே இன்னும் பெண்கள் இருக்கிறார்களா?" என்று ஒரு காவலரிடம் தமிழில் கேட்டேன், அவர் தெலுங்கில் ஏதோ சொன்னார். மாமூலனார் பாட்டுத் தலைவிக்காவது ஆறுதல் சொல்ல ஒரு தோழி இருந்தாள். எனக்கு வாய்த்தது குரங்குகள்.

அண்ணன் தம்பிகளுக்கு என்ன பதில் சொல்வேன் என்றுகூட நினைத்துவிட்டேன். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

நாற்பத்தைந்து நிமிஷம் கழித்து வந்தாள். அதே தெலுங்குப் பெண்கள். ஆனால் இப்போது வரிசையில் அத்தைதான் முதல். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். ஒரு கால் ஷூ இல்லை. கொண்டை அவிழ்ந்து கிடந்தது. கரையேறினதும், "எங்கேடா துண்டு?" என்றாள். அவ்வளவுதான். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. துண்டைக் கொடுத்தேன்.

மழை பெய்யவே இல்லை. இடி எங்கேயோ போய்விட்டது. ஆனால் நேரமாகிவிட்டபடியால் அதற்குமேல் யாரையும் உள்ளே விடவில்லை. ஆகவே, வாசக நேயர்களே, தும்புரு தீர்த்தத்து அருவியை நான் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்துக்கு எழுதுகிறவனுக்கு இது அவமானந்தான். அத்தை பார்த்ததை அத்தை சொன்னபடியே தருகிறேன். ஏழு கிலோமீட்டர் திரும்பி வரும்போது துண்டு துண்டாகச் சொன்னது:

"உள்ள போவப் போவ இருட்டா இருந்துச்சு. கண்ணுக்குப் பழகினதும் செவுரு செவப்பாத் தெரிஞ்சுது, செங்கல்லாட்டம். அடுக்கு அடுக்கா. தண்ணி எங்க கழுத்து வரைக்கும் வந்துச்சுன்னு வெச்சுக்கயேன், ஆனா இழுக்கலே, சும்மா நிக்குது. கடைசித் திருப்பத்துல திடீர்னு வெளிச்சம். மேலேயிருந்து வெயிலு ஒரு கோடு மாதிரி எறங்குது, அதுலயே தண்ணியும் எறங்குது. எது வெயிலு எது தண்ணின்னு தெரியலே. அதுக்கடியில நின்னேன். மண்டையில சில்லுன்னு கொட்டுச்சு. அந்தத் தவளைப் பொண்ணு ஏன் குளிக்க மாட்டேன்னாள்னு அப்பத்தான் புரிஞ்சுது!"

"குகையைப் பார்த்தீங்களா, அத்தை? வெங்கமாம்பா இருந்தது?"

"இதான்னு அந்தப் பொண்ணுங்க மேலே ஒண்ணைக் காட்டினாங்க. அதுவோ, வேற ஒண்ணோ. அங்க எல்லாமே குகையாத்தான் இருக்கு." சற்று நடந்தாள். "ராத்திரியில அந்தம்மா என்னத்தைத் தின்னுட்டு இருந்திருப்பா? பொம்பளைதானே, யாருக்கும் சமைக்க வேண்டாமேன்னு இருந்திருக்கும்."

பாபவிநாசம் வந்து சேரும்போது மாலை மயங்கிவிட்டது. அத்தைக்கு ஒரு காலில் ஷூ, ஒரு காலில் என் துண்டைச் சுற்றியிருந்தாள். எனக்கு இரண்டு காலிலும் கொப்புளம். கிழக்கே சந்திரோதயம் ஆயிற்று. அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இரவு அன்னப்பிரசாத மண்டபத்தில் சாப்பிட்டோம். கூட்டம் நெருக்கித் தள்ளியது. வாயிலருகில் அத்தை மட்டும் நின்று, மேலே பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்தவர்கள், "ஜருகண்டி, ஜருகண்டி!" என்றார்கள். அவள் நகரவில்லை.

மறுநாள் தரிசனம் ஆயிற்று. வழக்கம்போல அரை நிமிஷம். லட்டும் வாங்கினோம்.

திருப்பாதிரிப்புலியூருக்கு வந்து பத்து நாள் கழித்து ஒரு கடிதம் போட்டிருக்கிறாள். தெருவில் மூன்று பெண்கள் அடுத்த பங்குனிக்குப் பெயர் கொடுத்துவிட்டார்களாம். ஒருத்திக்கு முழங்கால் வலி. அவளுக்கு வேண்டாம் என்று இவளே சொல்லிவிட்டாளாம். மற்ற இருவரும் இப்போதே தினம் காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். புதிதாக ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ, அளவு ஆறு, சென்னையில் வாங்கி அனுப்ப வேண்டுமாம்.

கடைசி வரியில், "லீவு இப்பவே சொல்லி வை, பையைப் பாத்துக்க ஆள் வேணும்" என்று எழுதியிருக்கிறாள்.